சிகப்பியின் காது

என் வீட்டுக்காரருக்கு எல்லாப் பூச்சியும் அட்டைதான். மழைக்காலத்தில் மேல்மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது காலில் அட்டை ஏறினால், பெண்கள் நாங்கள் “தங்கராஜண்ணே!” என்று அவரைத்தான் கூப்பிடுவோம், கல்யாணத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வாயிலிருக்கும் சுருட்டின் நெருப்பால் ஒரு தொடு தொடுவார். அட்டை சுருண்டு விழும். அந்தப் பெருமை தலைக்கேறித்தான், எழுபத்தெட்டாம் வருஷம் எங்கள் நாய் சிகப்பியின் காதில் உண்ணியைக் கண்டதும் சுருட்டைப் பற்றவைத்தார்.

“வேணாங்க, அது அட்டை இல்ல.”

“எனக்குத் தெரியாதா லா? நீ தலையப் புடி, வடிவு.”

உண்ணி அசையவில்லை. காது மயிர்தான் பொசுங்கி நாறியது. மனுஷனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நகத்தால் பிய்த்தார். உடம்பு கையோடு வந்தது, வாய் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. சிகப்பி அலறிக்கொண்டு அவர் கையைக் கவ்வியது. அவர் போட்ட கூச்சலில் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனமே வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

கடிக்கிற நாயை லயத்தில் வைக்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. எங்களை வேலை வாங்கும் கங்காணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோட்டத்துக் காவல்காரர் துப்பாக்கியோடு வந்து நாயைக் காட்டோரம் இழுத்துப் போய்விடுவார்.

காது வீங்கிச் சீழ் வைத்தது. துரை பங்களாவில் ஆயா வேலை பார்க்கும் அம்சவல்லி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “சூடு காட்டலாமாக்கா? வயித்துல இருக்கிறத எல்லாம் நாய் ஒடம்புக்குள்ளயே கக்கிருமே! தொரை நாய்க்கு டாக்டர் எடுக்கிறத நான் பார்த்திருக்கேன். முள்வாங்கியால தோலோட ஒட்டினாப்பல புடிச்சு, நேரா, மெதுவா இழுக்கணும். நசுக்கக் கூடாது, திருகக் கூடாது.”

என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிரிசாமி கங்காணி வந்துவிட்டார்.

“கையில என்னப்பா?”

“செடி வெட்டுறப்ப கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சுண்ணே.”

“கத்திக்குப் பல்லு மொளச்சிருக்கோ?” கங்காணி குனிந்து சிகப்பியைப் பார்த்தார். அடுத்த காதிலும் ஓர் உண்ணி, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஊதியிருந்தது. “இந்தா, இது ஒண்ணு இருக்கே. என் கண்ணு முன்னால இத எடு. நாய் பல்லக் காட்டலன்னா நான் தொரைகிட்ட மூச்சு விட மாட்டேன். காட்டுச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லாத.”

“நான் எடுக்கிறேண்ணே” என்று குறுக்கே விழுந்தேன்.

“கடிபட்டது அவன்தானே? அவனே எடுக்கட்டும்.”

வீட்டுக்காரரிடம் முள்வாங்கியை எடுத்துக் கொடுத்தேன். அன்று அவர் வாயில் சுருட்டு இல்லை. அவர் கிட்டே போனதும் சிகப்பி சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான் தாடையைத் தாங்கிப் பிடித்தேன். உள்ளே ஓர் உறுமல் கிளம்பி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. கங்காணிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சத்தமாக இருமினேன்.

அவர் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக, அவசரப்படாமல் இழுத்தார். அத்தனை பொறுமையாக அந்த மனுஷன் ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை. உண்ணி முழுசாக, கால்கள் நெளிய, வெளியே வந்தது. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார். சிகப்பி அசையவே இல்லை.

“நல்ல நாய்தான்பா, எப்படி அடங்கி நிக்குது பாரு!” என்று சொல்லிவிட்டுக் கங்காணி நடந்தார்.

அடங்கி நிற்கவில்லை. அதன் பின்னங்கால்களுக்கு நடுவே சிமெண்டுத் தரை நனைந்திருந்ததை நான் பார்த்தேன். பயத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது. உயிர் தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். எனக்கு அழுகைதான் வந்தது.

என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தார். பிறகு சோற்றில் கருவாட்டைப் பிசைந்து தட்டில் வைத்து, “சிகப்பி, வாடி” என்று கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து அது வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பிறகு எழுந்து வெளியே மழையில் போய் நின்றார். அதற்கப்புறம்தான் அது வந்து சாப்பிட்டது.