பதாகையில் மூன்று தர்சிகன்

பத்மநாதனின் மரக்கறிக் கடைக்கு நேர் எதிரே, லண்டன் குட்மேய்ஸ் றோட்டின் மறுபக்கத்தில், றூபன் மாஸ்டரின் ரியூசன் சென்டர் இருக்கிறது. கீழே கோழிப் பொரியல் கடை, மேலே கல்வி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பதாகை. யூனிவர்சிட்டிக்குப் போன பிள்ளைகளின் முகங்களை அதில் வரிசை வரிசையாக அடித்திருப்பார். எல்லாப் பிள்ளையும் கறுப்புக் கவுனும் சதுரத் தொப்பியும் போட்டிருக்கும். படித்து முடித்துப் பட்டம் வாங்குகிறவன் போடுகிற உடுப்பு அது. பதாகை ஏறுகிற நேரம் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட முதலாம் வருஷ வகுப்பின் கதவைக் கண்டிருக்காது. மாஸ்டர் ஒரேயொரு கவுன் படத்தைக் கொம்பியூட்டரில் வைத்துக்கொண்டு தலைகளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே பெடியனும் பெட்டையும் எல்லாரும் ஒரே ஆள்.

அந்தப் பதாகையில் பத்மநாதனின் மகன் தர்சிகன் இரண்டு இடத்தில் இருந்தான்.

பத்மநாதன் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. வெங்காய மூட்டை வந்தால் நிறுத்துப் பார்ப்பார். நிறுத்த தராசையும் சந்தேகப்படுவார். டொக்டர் பிரஷர் கூட என்று சொன்னால், மருந்துக் கடைக்குப் போய் அங்கேயும் கையை நீட்டி, இரண்டு மெசினும் ஒரே கதை சொல்கிறதா என்று பார்ப்பார். வங்கி, கவுன்சில், வானிலை அறிக்கை எல்லாம் அவருக்கு ஒரே குடும்பத்து ஆட்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். அதனாலோ என்னவோ, படிப்பு என்று வந்தால் மட்டும் சந்தேகம் வாய்மூடிவிடும். மாஸ்டர் பதாகை கட்டுவதற்கு வருஷாவருஷம் ஏணி கொடுப்பதும் அவர்தான். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இடக்கைப் பக்கம், கொஞ்சம் மேலே என்று சொல்லிக் கட்டுவிப்பார்.

தர்சிகன் எப்படி இரண்டு பேரானான் என்பது சின்னக் கதை. ஏ லெவல் முடிய, ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன யூனியில் சேர்ந்தான். கட்டடங்களுக்குச் சூடும் காற்றும் தண்ணியும் கொண்டுபோகிற படிப்பு. செப்டெம்பர் கடைசியில் மாஸ்டரின் பாராட்டு விழாவில் பொன்னாடை போட்டார்கள். பதாகையில் முகம் ஏறியது. முதலாம் வருஷம் பாஸும் பண்ணினான். அந்தக் கோடையில் ஹரோவிலிருந்து சின்னம்மா நகுலேஸ்வரி வந்தாள். பிள்ளை எந்த யூனி என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும், அப்படி ஒன்றும் இருக்கிறதோ என்று தமக்கையிடம் விசாரித்தாள். அதற்குப் பிறகு தாய் சிவனேஸ்வரிக்கு நித்திரையில்லை. மாஸ்டரிடம் ஓடினார்கள். மாஸ்டர் பெரிய பெயர் உள்ள ஒரு யூனியில் பொருளியலுக்கு இடம் எடுத்துக் கொடுத்தார். திரும்பவும் முதலாம் வருஷம், திரும்பவும் பொன்னாடை, பதாகையில் இரண்டாவது முகம். மாசி மாதம் தர்சிகன் அங்கே போவதை நிறுத்திவிட்டான்.

மாஸ்டர் கொஞ்சமும் கலங்கவில்லை. கிளியரிங் என்று ஒன்று இருக்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் யூனிகள் விற்காமல் கிடக்கிற இடங்களைத் தள்ளிவிடுகிற ஏற்பாடு. கடை பூட்டுகிற நேரம் கனிந்த தக்காளியைக் கூவிக் கொடுக்கிற மாதிரித்தான் என்று பத்மநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கூவலில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று ஒரு இடம் அகப்பட்டது. மாஸ்டரின் கணக்கில் இது மூன்றாவது பிள்ளை. ஒரு தலையை வைத்து மூன்று அட்மிசன்.

போனவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று குட்மேய்ஸில் ஒருத்தரும் கேட்டதில்லை. முடித்தவர்களுக்கு விழாவும் இல்லை. வைத்தாலும் மண்டபம் பிடிக்கத் தேவையில்லை, எல்லாரையும் ஏற்ற ஒரு வான் போதும்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கடையில் மரவள்ளிக்கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்த தர்சிகன் தகப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். முதல் யூனியோடு கதைத்துவிட்டானாம். இரண்டாம் வருஷத்தில் எடுக்கிறார்களாம். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

பத்மநாதன் கிழங்கைக் கீழே வைத்தார். விட்டுப்போட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறதா, ஹரோவில் என்ன சொல்லுவார்கள், விழாவுக்குச் சோடா முழுக்க நான் தாறன் என்று மாஸ்டருக்குச் சொல்லியாச்சே என்று தொடங்கி, கடைசியில் அவனுடைய தாயின் நித்திரை வரைக்கும் போனார். தர்சிகன் முழுவதையும் கேட்டான்.

"அப்பா, அந்தப் பெரிய யூனியிலை நான் வந்ததையும் ஒருத்தரும் காணேல்லை, விட்டதையும் ஒருத்தரும் காணேல்லை. இன்னொரு முதலாம் வருஷம் எனக்கு ஏலாது."

"அப்ப சனிக்கிழமை மேடையிலை நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நான் மேடைக்கு வரேல்லை."

றூபன் மாஸ்டரிடம் கேட்டபோது அவர் சட்டத்தைச் சொன்னார். "திரும்பிப் போறதுக்குப் பொன்னாடை போடேலாது அண்ணை. புதுசாச் சேர்ந்தால்தான் அது சாதனை. பெடியனைப் பேசிச் சமாளியுங்கோ, முதலாம் வரிசையிலை படம் போட்டுத் தாறன்."

பத்மநாதனுக்கு இப்போது வேறு ஒரு சந்தேகம் முளைத்தது. ஒருதரம் விட்டுப் போனவனை ஏன் திரும்ப எடுக்கிறான்கள்? நல்ல கடை என்றால் போன வாடிக்கையாளனை இவ்வளவு லேசில் கூப்பிடுமா? உள்ளுக்குள் என்னவோ இருக்கிறது. கட்டடமே இருக்கிறதோ தெரியாது. அடுத்த நாள் காலமை, மொத்தக் கடைக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் பொரித்து வைத்திருந்த றோல்ஸில் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறினார்.

கட்டடம் இருந்தது. வாசலில் கார்ட் காட்டினால் திறக்கிற கதவு. பக்கத்தில் ஒரு மேசை, அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பத்மநாதன் தன்னுடைய இங்கிலிஷில் மகனின் பெயரைச் சொல்லி, அவன் ஆள் எப்படி, ஒழுங்காக வந்தவனா, வாத்தியாரைப் பார்க்க ஏலுமா என்று கேட்டார். அவள் சிரித்த முகத்தோடு, அப்படி ஒருத்தர் இங்கே படிக்கிறாரா இல்லையா என்பதையே சொல்ல முடியாது என்றாள். நான் தகப்பன் என்றார். பாஸ்போட்டைக் காட்டினார். மகன் பதினெட்டு வயது தாண்டியவர், அவருடைய அனுமதி இல்லாமல் ஒன்றும் சொல்லக்கூடாது என்றாள். பத்மநாதன் மெல்ல றோல்ஸ் பெட்டியை மேசையில் அவள் பக்கம் தள்ளினார். அவள் அதே சிரிப்போடு அவர் பக்கம் தள்ளினாள். பெட்டி இரண்டு முறை போய் வந்தது.

பெற்ற தகப்பனுக்கே சொல்லாதவன் கள்ளன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்து படியில் குந்தினார். முதுகில் கடையின் பெயர் போட்ட நீல ஜக்கெட். வேலை செய்கிறவர்களுக்கு என்று அடித்தது. தர்சிகனும் அதைத்தான் போட்டுத் திரிவான்.

அந்த ஜக்கெட்டைக் கண்டுதான் அவர்கள் நின்றார்கள். நெடுத்த ஒரு கறுப்புப் பெடியன், முக்காடு போட்ட ஒரு பெட்டை, இன்னும் இரண்டு பேர். நீங்கள் தேர்ஸ்டேயின் அப்பாவா என்று பெடியன் கேட்டான். பத்மநாதனுக்கு விளங்கவில்லை. அவர்கள் ஆளாளுக்குச் சொல்லி விளங்கப்படுத்தினார்கள். தர்சியை அவர்கள் கூப்பிடுகிற பெயர் அது. வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் எல்லாரும் பந்தடிக்கப் போவார்களாம். இவன் மட்டும் ஒவ்வொரு வியாழனும் முருங்கைக்காய் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஸ்டேசனுக்கு ஓடுவானாம். போன வருஷம் முழுக்க அவன் இல்லாமல் ஒரு ஆள் குறைவாம்.

வியாழக்கிழமைதான் மரக்கறி பிளேனில் வந்து இறங்குகிற நாள். பெட்டி இறக்க மகன் நிற்க வேண்டும் என்பது பத்மநாதன் போட்ட சட்டம்.

"இஸ் ஹீ கமிங் பக்?" என்று நெடுத்தவன் கேட்டான். பெட்டையும் அதையே கேட்டாள். இங்கிலிஷில் மற்றதெல்லாம் பாதி விளங்கியது, இது முழுக்க விளங்கியது. கடைக்கு ஒழுங்காக வருகிற ஒரு ஆளை இரண்டு கிழமை காணாவிட்டால், பக்கத்துத் தெரு ஆட்களிடம் விசாரிக்கிறவர் பத்மநாதன். அப்படி விசாரிக்கிற இடம் லண்டனில் குறைவு என்பதும் அவருக்குத் தெரியும். பெரிய யூனி விசாரிக்கவே இல்லை. ஒரு ஈமெயில் அனுப்பியது. அதுவும் டியர் ஸ்டூடன்ட் என்று.

அவர் றோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். இந்த முறை ஒருத்தரும் திருப்பித் தள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. றோல்ஸ் எங்கே என்று சிவனேஸ்வரி கேட்டதற்கு, மொத்தக் கடையில் பெடியள் சாப்பிட்டுவிட்டார்கள் என்றார். அவள் நம்பவில்லை. அந்த வீட்டில் அது தொற்று.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. சிவனேஸ்வரி காஞ்சிபுரம் உடுத்து, நகுலேஸ்வரிக்குப் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். மகன் கடைசி நேரத்தில் மனம் மாறி வந்துவிடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை. பிரதம விருந்தினர் ஒரு கவுன்சிலர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வணக்கம். அதையும் வந்த உடனே செலவழித்துவிட்டு, மிச்ச நேரம் கையில் பொன்னாடையோடு நின்றார்.

மாஸ்டர் மைக்கில் தர்சிகனின் பெயரை வாசித்தார். வெறும் பெயரில்லை. மூன்றாவது தடவையாகப் பல்கலைக்கழகம் புகும் தொடர் சாதனையாளர் என்று வாசித்தார். சனம் கைதட்டியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெடியன் வரவில்லை. மாஸ்டர் திரும்பவும் வாசித்தார். நகுலேஸ்வரி தமக்கையைப் பார்த்தாள். தமக்கை புருஷனைப் பார்த்தாள்.

பத்மநாதன் எழும்பி மேடைக்குப் போனார். மகன் சார்பில் வாங்க வருகிறார் என்று நினைத்து மாஸ்டர் வழி விட்டார். பத்மநாதன் மைக்கைப் பிடித்தார். அது கீச்சிட்டது.

"அவன் புதுசா ஒரு இடத்திலும் சேரேல்லை. முதல் படிச்ச இடத்துக்கே திரும்பிப் போட்டான். இரண்டாம் வருஷம். அங்கை அவனைத் தேடினவங்கள். இங்கை மேடைக்கு ஏத்தின நாங்கள் ஒருத்தரும் பிறகு தேடேல்லை, நானும் தேடேல்லை. சோடா எல்லாருக்கும் இருக்கு, குடிச்சிட்டுப் போங்கோ."

கவுன்சிலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு தகப்பன் உருக்கமாக நன்றி சொல்லி முடித்துவிட்டார் என்று கண்டுகொண்டு, கையிலிருந்த பொன்னாடையை விரித்து, பத்மநாதனின் தோளில் போட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கமராவைப் பார்த்துச் சிரித்தார். கவுன்சிலர் கைதட்ட, சனமும் தட்டியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பத்மநாதன், பல்கலைக்கழகம் புகுந்ததற்கான பொன்னாடையோடு படியிறங்கினார்.

"அத்தான், உங்களுக்கு மேடை தேவையோ?" என்று நகுலேஸ்வரி கேட்டாள்.

"அதுதானே பொன்னாடையே போட்டிட்டாங்கள்" என்றார். சிவனேஸ்வரி வீடு வரும்வரை பத்தடி முன்னால் நடந்தாள். தர்சிகன் கதவைத் திறந்து, தகப்பனின் தோளைப் பார்த்து, இது என்ன அப்பா என்றான்.

"நீ திங்கட்கிழமை அவங்களுக்குச் சொல்லு, வாறன் எண்டு. வியாழக்கிழமை கடைக்கு வரத் தேவையில்லை. பெட்டியை நான் இறக்குவன்."

திங்கட்கிழமை மாஸ்டர் ஏணி கேட்டு வந்தார், சுருட்டிய புதுப் பதாகையோடு. பத்மநாதன் விரிக்கச் சொன்னார். முதலாம் வரிசையில் தர்சிகன் மூன்று பேராகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றான், ஒரே கவுனில். அச்சடிச்சாச்சு அண்ணை, இனி மாத்தேலாது என்றார் மாஸ்டர்.

"இதிலை இருக்கிற பிள்ளையளிலை எத்தனை பேர் முடிச்சினம்?"

"அது எங்கட வேலை இல்லை அண்ணை. கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுறதுதான் எங்கட பொறுப்பு."

"அப்ப ஏணியும் இல்லை."

மாஸ்டர் கோழிக்கடைக்காரனிடம் ஏணி வாங்கிப் பதாகையைக் கட்டிவிட்டார். இடக்கைப் பக்கம் சரிந்திருந்தது. பிடித்துச் சொல்ல ஆள் இல்லை.

வியாழக்கிழமை விடிய, கோழிக்கடை திறக்க முன், பத்மநாதன் தன் ஏணியை றோட்டைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார். மூன்று தர்சிகனின் முகமும் மறைய, தனக்குப் போட்ட பொன்னாடையை இழுத்து, நாலு மூலையையும் கயிற்றால் கட்டினார். அளவு சரியாக இருந்தது, கீழே பெயர் மட்டும் தெரிந்தது. தர்சிகன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அன்றைக்கு நீல ஜக்கெட் போடவில்லை. நிமிர்ந்து பார்த்தான், ஏணியின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக் கடைவரை கொண்டுவந்து தந்துவிட்டு ஸ்டேசனுக்கு நடந்தான்.

பின்னேரம் லொறி வந்தது. பத்மநாதன் தனியாகப் பெட்டி இறக்கினார். முருங்கைக்காய்ப் பெட்டி நாரியைப் பிடித்தது, இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து, கம்சிகாவின் தாய் யசோதினி றோட்டில் நின்று பதாகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளின் முகம் இரண்டாம் வரிசையில். தர்சிகனுக்கு மட்டும் ஏன் பொன்னாடை, அவன் அப்படி என்ன பெரிசாகச் செய்தவன் என்று கேட்டாள்.

"திரும்பிப் போட்டான்" என்றார் பத்மநாதன்.

அவளுக்கு அது போதும். எங்கே, என்ன என்று கேட்காமல் படியேறி மாஸ்டரிடம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலால் அவளுடைய குரல் கேட்டது. தன்னுடைய பிள்ளைக்கும் படத்துக்கு மேலே பொன்னாடை போட வேண்டுமாம், அதுவும் பட்டுக்கரை வைத்ததாக இருக்க வேண்டுமாம்.

பத்மநாதன் அடுத்த பெட்டிக்குக் குனிந்தார்.