குறைவெண்ணில் குடியிருக்கிறோம்

நானும் என் மனைவி இந்திராணியும் பத்து லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணில் குடியிருக்கிறோம். நான் ஆயிரத்துப் பத்தொன்பது. அவள் ஆயிரத்து இருபத்தொன்று. எங்கள் இருவரையும் பெருக்கினால் வீடு வரும். காற்றோட்டமான எண். ஒன்பதுகளின் பக்கம் மட்டும் வெயில் அதிகம்.

காலையில் வகைப்பாட்டு அதிகாரி வந்தார். அவர் இருபத்தெட்டு. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற நிறைவெண். அதனால் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"உங்க வீட்டுக் காரணிங்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒண்ணு, அப்புறம் நீங்க, உங்க வீட்டம்மா. ரெண்டாயிரத்து நாப்பத்தொண்ணுதான் வருது. வீடோ பத்து லட்சத்துக்கு மேல. இது குறைவெண்."

"இருக்கட்டும் சார்."

"இருக்கக் கூடாது. பிரிச்சிடணும். ஆளுக்கு ஒரு ஊர்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்திராணி அடுப்பைக்கூட அணைக்கவில்லை.

"முடிஞ்சா பிரிச்சுப் பாருங்க," என்றாள்.

அவர் வகுக்கிறவர்களை வரவழைத்தார். இரண்டு வந்து கதவை இழுத்தது. ஒன்று மீதி விழுந்தது. பதினொன்று தோளைக் கொடுத்து முட்டியது. எட்டு மீதி. பதின்மூன்று மூச்சைப் பிடித்துத் தள்ளியது. ஒன்பது மீதி. எல்லாவற்றையும் துடைப்பத்தால் ஒதுக்கினேன். வரிசை நீள நீளத் தாழ்வாரமும் நீண்டது. கடைசியில் வந்த ஆயிரத்துப் பதின்மூன்று முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அதிகாரி சமாதானத்துக்கு வந்தார்.

"நீங்க ஒண்ணு ஏறுங்க. அம்மா ஒண்ணு இறங்கட்டும். ரெண்டு பேரும் ஆயிரத்து இருபது. வீடு லட்சணமா வர்க்க எண் ஆயிடும். குறைவும் போயிடும்."

இந்திராணி கரண்டியோடு வந்தாள்.

"ஆயிரத்து இருபதா? ரெண்டும் மூணும் அஞ்சும் நெனச்ச நேரத்துக்கு உள்ள வந்து காலை நீட்டிப் படுக்கும். நான் இறங்கறதா இல்ல."

அவர் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியாளால முடியாது. உள்ள இருக்கறவரால முடியும். நீங்களே வகுத்துடுங்க."

உண்மைதான். நான் வகுத்தால் எண் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். ஈவு இந்திராணி. மீதி பூஜ்யம்.

"அப்போ நான் எங்க இருப்பேன்?"

"அது என் பிரிவு இல்ல."

பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவளும் அப்படி வகுத்து என்னைத் தனியே விட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ சண்டை வந்தது. அவள் வகுக்கவில்லை.

"எனக்கு வகுக்கத் தெரியாது," என்றேன்.

"ஆயிரத்துப் பத்தொன்பதுக்கா தெரியாது?"

"பெருக்க மட்டும்தான் தெரியும்."

இந்திராணி வாசலைக் காட்டினாள்.

"நீங்க நிறைவாவே இருங்க சார். நாங்க குறைவா இருந்துக்கிறோம்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அவர் தன்னையே வைத்து எங்கள் வீட்டை வகுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாக மூன்று மீதி உருண்டு வந்தது.

இந்திராணி அதைக் கழுவிக் குழம்பில் போட்டாள்.