தம்பி மேலே இருக்கிறான்

வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேல் வைத்த காலை அவள் எடுத்ததே இல்லை. தெருவோரத்தில் ஒரு நாய் தலையைத் திருப்பினால் போதும், மிதித்துவிடுவாள். இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி, விடுமுறை கிடைத்ததும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன்னந்தனியாக மலை ஏறப் போகிறாள் என்று மாணவர்கள் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. “மலையில பக்கத்து சீட்டுல யாரும் இல்ல பாரு, அதான்” என்பாள்.

நடைப்பயணக் குழு ஒன்று போட்டிருந்த சிகரப் பட்டியலை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஒவ்வொன்றாக ஏறி முடித்திருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். உச்சியில் புல் பூண்டு எதுவும் கிடையாது என்பதால் அதை எல்லோரும் மொட்டைச்சி என்றார்கள்.

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடியைத் தேடுகிறவர். மனைவியோடு மலைக்குப் போக முடியாத குறையை அவளது மூட்டையில் மருந்துகளைத் திணித்துத் தீர்த்துக்கொள்வார்.

“கடையையே கட்டிக் குடுத்திட்டீங்களா? இதைத் தூக்கிட்டுப் போனா நான் மலை ஏறமாட்டேன், மலைதான் என் மேல ஏறும்.”

“இருக்கட்டும். உனக்கு வேணாம்னா வேற யாருக்காவது ஆகும். சிக்னல் கிடைக்கிற இடத்துல எல்லாம் ஒரு போன் பண்ணு.”

“கிடைச்சாதானே பண்ண முடியும்?”

அடிவாரத் தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், கிளம்பும்போது வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “நேத்து மேல நல்ல மழை. இன்னிக்கு மூட்டம் இறங்கும்னு தோணுது. உனக்கு முன்னாடி, நேத்தே ஒரு பையன் போயிருக்கான், சிவப்புக் கூடாரம். துணைக்கு ஆள் இருக்குன்னு நினைச்சுக்கோ.”

துணைக்கு ஆள் என்றதும் அவளுக்குப் பயம்தான் வந்தது. ஊரும் பேரும் தெரியாத ஓர் ஆணோடு ஆளில்லாத மலையில் ஓர் இரவு. ‘கொஞ்சம் தள்ளியே கூடாரம் போட்டுக்கொள்ளலாம்’ என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

சாயங்காலம் ஆவதற்குள் சிகரத்துக்குக் கீழே உள்ள மேட்டுச் சமவெளிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு பக்கம் மொட்டைச்சியின் பாறைச் சரிவு. மறுபக்கம் அதலபாதாளம். அதற்குள் மூடுபனி ஏறி வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டது. எங்கே தரை முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிவப்புக் கூடாரம் தனியாக நின்றது. வாசல் முழுக்கத் திறந்து கிடந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

பதில் இல்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே ஈரமான துணிகள். தூங்கும் பை ஒன்று, அதுவும் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. ஒரு குவளை. வெளியே சின்ன அடுப்பு கவிழ்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ், உள்ளே காலுறைகள் சுருட்டி வைத்தபடி.

பூட்ஸைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கல்லிலும் முள்ளிலும் எவனாவது வெறுங்காலோடு போவானா? தண்ணீர் எடுக்கப் போனால்கூட மாட்டிக்கொண்டுதானே போவான்? சேற்றில் கால் தடம் தெரிந்தது. ஐந்து விரலும் பதிந்திருந்தன. அது கூடாரத்துக்குப் பின்னால் ஓடிய ஓடைப் பக்கம் போகவில்லை. சுற்றிச் சுற்றி, தன் தடத்தையே மிதித்து, கடைசியில் பள்ளத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

வந்த வழியே இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. இறங்கினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் கால் அசையவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தினாள்.

“தம்பி! ஏ தம்பி! எங்கப்பா இருக்கே? தம்பீ!”

பனிக்குள்ளிருந்து ஒரு குரல், மெல்ல, தேய்ந்து வந்தது. மறுபடி கூப்பிட்டாள். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே, கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி, அது வந்த திசையில் நகர்ந்தாள். வெள்ளைக்குள் ஒரு நிழல் கறுத்தது. முப்பது வயது இருக்கும். மேலே சட்டை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. குளிரில் நடுங்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவன் நடுங்கவே இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தான், பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி. அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டில் தரை இல்லை.

உடம்பின் சூடு ரொம்ப இறங்கிவிட்டால் புத்தி பிசகிவிடும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்காவது நடந்துபோய்விடுவார்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். கதை மாதிரி கேட்டுவைத்திருந்தாள்.

“தம்பி, அப்படியே நில்லுப்பா.”

அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான். “நான் இல்ல. தம்பி மேல இருக்கான்.”

“என்னது?”

“தம்பி. மேல இருக்கான். கூப்பிடுறாங்க, அவன் வரமாட்டேங்கிறான்.” சொல்லிக்கொண்டே பின்னால் ஓர் எட்டு வைத்தான்.

கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. நடுச்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோகும் மாணவர்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். அந்த நேரத்தில் குரலை உயர்த்தினால் அவர்கள் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். அவர்களிடம் பேசும் அந்தத் தணிந்த குரல் அவளுக்கு வந்துவிட்டது.

“சரி. ஒண்ணும் அவசரமில்ல. என்னைப் பாரு. முகத்தைப் பாரு. இப்ப இடது கால். மெதுவா என் பக்கம். ம். அவ்வளவுதான். இப்ப வலது கால்.”

அவன் ஒரு குழந்தையைப் போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். கைக்கு எட்டியதும் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் கடையில் பனிக்கட்டிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

தன் கூடாரத்தை அவசரமாக விரித்து, அவனை உள்ளே தள்ளி, ஈர உடையைக் களைந்து, தன்னுடைய காய்ந்த துணிகளைப் போட்டுவிட்டு, தன் தூங்கும் பைக்குள் நுழைத்தாள். கூச்சப்படுவதற்கு நேரமில்லை. வெந்நீர் வைத்துப் புட்டியில் ஊற்றி, துணியில் சுற்றி அவன் நெஞ்சோடு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நடுக்கம் எடுத்தது. பல் கிட்டித்து உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. நடுங்குவது நல்லது என்று கணவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கரைத் தண்ணீரை வாயில் சிறிது சிறிதாக விட்டாள்.

“தம்பி எங்க? உன்கூட வந்தானா?” என்று கேட்டாள்.

“மேல” என்றான்.

“அவன் பேரு என்ன?”

அவன் யோசித்தான். “தெரியல” என்றான். கண் செருகிவிட்டது.

வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தன் இங்கே இந்த நிலையில் இருக்கிறான் என்றால், மேலே இருக்கிறவன்? அடிவாரத்து அம்மாள் ஒரு பையன் என்றுதான் சொன்னாள். இங்கே ஒரு குவளை, ஒரு பைதான் இருக்கிறது. ஆனால் மலைக்கு வேறு பக்கத்திலிருந்தும் பாதை உண்டு. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாக ஏறி உச்சியில் சந்திக்கப் பேசி வைத்திருக்கலாம். தம்பி வராததால் அண்ணன் தேடிப் போயிருக்கலாம். யோசிக்க யோசிக்க எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

இவனை விட்டுவிட்டுப் போனால் மறுபடி எழுந்து பள்ளத்துக்கு நடப்பான். போகாவிட்டால் மேலே ஓர் உயிர். அவள் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, பனியைப் பார்த்துக் கூப்பிட மட்டும் செய்தாள். “தம்பி!” என்றாள். பாறைகள் “ம்பீ” என்றன. அது எதிரொலி என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டாள். இரவெல்லாம் அப்படியே போனது.

விடிந்தபோது அவன் உடம்பு சூடாக இருந்தது, சீராக மூச்சுவிட்டான். கூடாரத்தின் ஜிப்பை வெளியிலிருந்து கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே கிளம்பினாள். உச்சியில் சிக்னல் கிடைக்கும்.

பனி விலகவில்லை. கையை நீட்டினால் விரல் மங்கியது. பாறையைப் பிடித்துத் தவழ்ந்தும் உட்கார்ந்தும் ஏறினாள். ஏறும்போதே கூப்பிட்டாள். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் ஒரு கை தெரியும், ஒரு கால் தெரியும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்தாள். சரிவு முடிந்து தரை சமமானது. சற்றுத் தள்ளி ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தான்.

“தம்பி! ஐயோ, நல்லவேளை!” என்று ஓடினாள். “எழுந்திருப்பா, உங்கண்ணன் கீழ பத்திரமா இருக்கான். பயப்படாதே, நான் வந்துட்டேன்ல.”

பேசிக்கொண்டே தோளில் கை வைத்தாள். கல். ஏறி வந்தவர்கள் அடையாளத்துக்கு அடுக்கி வைத்த கற்குவியல். அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தபோது உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. இந்த மலை தன்னையும் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். போனை எடுக்கும்போது விரல்கள் தன்னுடையவைதானா என்று திருப்பிப் பார்த்தாள்.

மீட்புக் குழுவில் ஒருவர் பேசினார். “எத்தனை பேரும்மா?”

“ஒருத்தர் என் கூடாரத்துல இருக்கார். அவரோட தம்பியக் காணோம்.”

“அப்ப ரெண்டு பேர்.”

“ஆமா. ரெண்டு பேர்.”

இறங்கி வந்து முடிச்சை அவிழ்க்கும்போது உள்ளே அவன் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். இருந்தான். தூங்கிக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு முன் குழு வந்துவிட்டது. மீசை வைத்த ஒருவர் தலைவர். அவனைத் தூக்குப் படுக்கையில் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டார்கள். அவனை எழுப்பி மீசைக்காரர் கேட்டதற்கும் அவன் “தம்பி மேல” என்று முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு பேர் தம்பியைத் தேடுவதற்காக அங்கேயே தங்கினார்கள். அவர்கள் பனிக்குள் ஏறி மறைவதை அவள் பார்த்தாள்.

மருத்துவமனைக்குக் கணவர் வந்துவிட்டார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு பேருமாக வார்டுக்குள் போனார்கள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவன் தெளிவாக இருந்தான், எழுந்து உட்காரப் பார்த்தான்.

“படுங்க படுங்க” என்றாள். “உங்க தம்பியத் தேடிட்டிருக்காங்க. கவலைப்படாதீங்க.”

அவன் விழித்தான். “எந்தத் தம்பி?”

“உங்க கூடப் பிறந்த தம்பி. மேல இருக்கான்னு சொன்னீங்களே.”

“எனக்குத் தம்பியே கிடையாதுங்க. மூணு அக்கா, கடைசி நான்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. யாரோ ஒரு பொம்பளை தம்பி தம்பின்னு கத்திட்டே இருந்தாங்க. அழுகிற மாதிரி. பாவம், அந்தத் தம்பி எங்க போய்த் தொலைஞ்சானோன்னு நானும் தேடிட்டு நின்னேன்.”

கணவர்தான் முதலில் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் போனைத் தேடினாள்.

தாழ்வாரத்துக்கு ஓடிவந்து மீசைக்காரருக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்வதற்குள் நாக்கு நாலு தடவை குழறியது. “நான்தாங்க கூப்பிட்டேன். அவரைத்தான் தம்பின்னு கூப்பிட்டேன். மேல ஆளே இல்லைங்க. மன்னிச்சிடுங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “ஆள் இல்லன்னா சந்தோஷம்தாம்மா. ஆனா பசங்க ரெண்டு பேரும் மறுபக்கத்துச் சரிவுல இறங்கிட்டானுங்க. அங்க வயர்லெஸ் எடுக்காது. ஆள் அனுப்பித்தான் கூப்பிடணும்.”

“இருட்டிடுமே.”

“பாப்போம்.”

“வீட்டுக்குப் போலாம் வா” என்றார் கணவர். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மேலே அந்த வெள்ளைக்குள் இரண்டு பேர் இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பாறைகள் பதில் சொல்லும். அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் குரல் வந்த பக்கம் இன்னும் இரண்டு எட்டு வைப்பார்கள். எந்தக் கல்லையாவது ஆள் என்று நினைத்து ஓடுவார்கள். இருவருக்கும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. நேற்றிலிருந்து வராத நடுக்கம் அப்போதுதான் வந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கணவர் தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார்.

“உச்சிக்குப் போனேல்ல?” என்று கேட்டார், பேச்சை மாற்றுவதற்காக.

“போனேன்னுதான் நினைக்கிறேன்” என்றாள். “அதைப் பத்தி இப்ப கேக்காதீங்க.”

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. செவிலி ஒருத்தி வந்து, வெளியாட்கள் கிளம்ப வேண்டும் என்றாள். கணவர் செவிலியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். செவிலி தலையசைத்துவிட்டுப் போனாள். பெஞ்சில் இருந்தவளின் மடியில் போன் அதிர்ந்தபோது அதை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கணவரிடம் நீட்டினாள். அவர் காதில் வைத்துக் கேட்டார். “ம்” என்றார். மறுபடி “ம்” என்றார்.

“இறங்கிட்டாங்களாம்” என்றார். “ரெண்டு பேரும்.”

“நல்லாக் கேட்டீங்களா? எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்தான்” என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்தாள்.