லிப்ட்டுத் தாத்தா இறந்துபோன விவரம்

லிப்ட்டுத் தாத்தா தாம் இறந்துபோன செய்தியை முகத்தில் பாதி சோப்பு நுரையோடு தெரிந்துகொண்டார். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்திருந்தது. பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்களுக்கு முன்னால் வரிசையாக நின்று, குடிப்பதற்கு முன் சொல்கிற வேண்டுதலைச் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் அவருடைய ஜன்னலுக்கு மற்ற நாட்களில் வந்து சேருவது வெறும் இரைச்சல்தான். அன்றைக்கு என்னவோ காற்று கொஞ்சம் திரும்பியடித்தது.

"எங்கள் லிப்ட்டுத் தாத்தாவுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே!"

"ஆமென்" என்றார் அவரும், பழக்கதோஷத்தில். அப்புறம்தான் ஆள் யாரென்று உறைத்தது.

மீதிச் சவரத்தையும் முடித்தார். செத்துப்போனாலும் பாதி முகத்தோடு நடமாட முடியாதல்லவா?

அவர் லிப்ட் மெக்கானிக்காக வேலையில் இருந்த காலத்தில் அந்த ஊரில் ஏறுகிற இறங்குகிற எதுவும் அவர் கைபடாமல் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடக் கிளம்பிய ஒரு கணவன் மனைவி வக்கீல் ஆபீஸ் லிப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். அவர் போய்க் கதவைத் திறப்பதற்குள் இருவரும் சமாதானமாகி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பேர்கூடத் தேடிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். இதை அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஆகவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை 'குடும்பச் சனி'. பிள்ளைகளின் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை எல்லாரும் வந்து பெஞ்சுக்கு வார்னிஷ் அடிப்பார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள், நூலகத்துப் புத்தகங்களுக்கு அட்டை போடுவார்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளும் படிக்கிற இடம். கைவேலையால்தான் பாதிப் பள்ளிக்கூடம் நின்றுகொண்டிருந்தது. மகன் அங்கே படித்த காலத்தில் ஒரு சனிக்கிழமைகூட லிப்ட்டுக்காரர் போனதில்லை. எங்காவது ஒரு லிப்ட் நின்றுவிடும். மனைவிதான் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?" என்று மற்றப் பெண்கள் கேட்பார்கள்.

"எங்கயாவது தொங்கிட்டிருப்பாரு" என்பாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரே விஷயத்தைத்தான் புலம்புவாள். "அத்தனை பிள்ளைங்க, குடிக்க ஒரே ஒரு குழாய். சின்னதுங்க எல்லாம் கடைசில நின்னு, மணி அடிச்சதும் தாகத்தோடயே வகுப்புக்கு ஓடுதுங்க."

போன வருஷம் அவள் போனாள். சாமான் வாங்கப் போவதுபோல ஒரு பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், பை மட்டும் திரும்பி வந்தது. அடக்கம் முடிந்த வாரம், சேமிப்பில் இருந்ததை வழித்தெடுத்து ஓர் உறையில் போட்டு, அன்றைக்கு மட்டும் மாற்றாளாக வந்திருந்த பள்ளிக்கூட வாட்ச்மேன் கையில் கொடுத்தார் லிப்ட்டுக்காரர். "லிப்ட்டுக்காரர் வீட்டிலருந்துன்னு சொல்லுங்க. தண்ணிக்கு" என்றார். யாருக்காக என்பதைச் சொல்ல விட்டுப்போனது. கறுப்புச் சட்டையோடு திரும்பி நடந்துவிட்டார்.

தவறு அங்கேதான் நடந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடிருப்பவர்கள் தங்கள் பேரில் பெஞ்சு கொடுப்பார்கள். தண்ணீர் என்றால் அது போனவர்களுக்காகக் குடும்பத்தார் கொடுப்பது. யாருக்காகக் கொடுக்கிறார்களோ அவருக்காகப் பிள்ளைகள் தினமும் வேண்டிக்கொண்டு குடிக்கும். பழைய மதர் இருந்திருந்தால் தையல்காரம்மாவைத் தெரிந்திருக்கும். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த தலைமை சிஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம், ஒருமுறை வந்து சமையலறை லிப்ட்டைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, சிரிக்காமல் கதை சொல்லிப் போன கிழவர் மட்டுமே. லிப்ட்டுக்காரர் வீடு, தண்ணீருக்கு, கறுப்புச் சட்டை. 'ஐயோ பாவம், போய்விட்டார்' என்று சிஸ்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பணத்தில் வரிசையாகக் குழாய்கள் வந்தன, வேண்டுதல் அவர் பேருக்குப் போனது.

தம் பேரில் வேண்டுதலைக் கேட்ட அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். தூரதேசம், வாரம் ஒருதரம் கூப்பிடுவான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"செத்துட்டேன்டா."

"சரிப்பா, நல்லது. மாத்திரைய மறக்காதீங்க. மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்."

லிப்ட்டுக்காரர் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார். பிறகு அது கனக்கிறது என்பதால் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்தது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார். "எங்கள் லிப்ட்டுத் தாத்தாவுக்கு…" முந்நூறு குரல்கள். பால்காரன் அவரை 'மூணாவது மாடி' என்பான். மருந்துக் கடையில் 'பிரஷர் மாத்திரை' என்பார்கள். 'எங்கள்' என்று சொல்லி அவரைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று ஒத்திப்போட்டார்.

இப்படியே பல வாரங்கள் இறந்தவராகக் காலம் தள்ளினார். இறந்ததால் முட்டிவலி குறையவில்லை, மின்கட்டணமும் நிற்கவில்லை. மற்றபடி சௌகரியமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. இடைவேளைக்கு முன்பே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தமக்காக வேண்டிக்கொள்ளும்போது பனியனோடு இருப்பது மரியாதையில்லை.

ஒரு சங்கடம் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அது அவளுக்குச் சேர வேண்டிய வேண்டுதல். போஸ்ட்மேன் தவறிப்போய்க் கொடுத்த பார்சலைப் பிரித்துத் தின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது. அவளுடைய படத்துக்கு முன்னால் நின்று வாதாடிப் பார்த்தார்.

"உனக்கு எதுக்குடி வேண்டுதல்? நீ நேராப் போயிருப்ப. எனக்குத்தான் சிபாரிசு வேணும்."

படம் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. உயிரோடிருந்தபோதும் அவள் இந்த மாதிரி நேரங்களில் பேசாமல்தான் இருப்பாள். அதுதான் அவரால் தாங்க முடியாதது.

அவள் போய் வருஷம் திரும்பிய நாள் வந்தது. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இடைவேளைக்குள் அவசரமாக வீட்டுக்கு ஓடிவந்தார். படியேறி மூச்சிரைக்க ஜன்னலில் நின்றபோதுதான், என்ன காரியத்துக்காக ஓடிவந்தோம் என்பது புரிந்தது. அவளுடைய நாளில், அவளுக்காக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய தண்ணீரைக் குடித்துவிட்டு முந்நூறு பிள்ளைகளும் அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். அவரும் அதைக் கேட்க ஓடிவந்திருந்தார்.

நேரே கீழே இறங்கித் தெருவைக் கடந்தார்.

வழக்கமான வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். "ஐயா, நீங்க… போயிட்டீங்களே?"

"போனேன். இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சிஸ்டர் இருக்காங்களா?"

சிஸ்டர் அவரைப் பார்த்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன சிஸ்டருக்கு.

"ஐயோ, மன்னிச்சிடுங்க தாத்தா. எவ்வளவு பெரிய தப்பு! நீங்க முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே?"

"வந்திருக்கலாம் சிஸ்டர்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கேக்க நல்லாருந்துச்சு."

சிஸ்டர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "உயிரோட இருக்கிற உபகாரிகளுக்கும் நாங்க வேண்டிக்கிறோம். வருஷத்துல ஒரு நாள், பள்ளித் திருநாள்ல" என்றார்.

"வருஷத்துக்கு ஒண்ணு. பரவால்ல, என் பாவத்துக்கு அது கொஞ்சம் பத்தாது, அவ்வளவுதான்."

"அடுத்த குடும்பச் சனிக்கு வாங்களேன். குடும்பத்தோட."

"குடும்பமே நான்தான் சிஸ்டர்."

"அப்ப முழுக் குடும்பமும் வந்த மாதிரியே ஆச்சு."

அவர் தலையை ஆட்டினார். அது வருகிறேன் என்பதா, பார்க்கலாம் என்பதா என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் இடைவேளை மணி அடித்தது. காற்றே இல்லை. ஆனாலும் கேட்டது, ஏனென்றால் பிள்ளைகளுக்குப் புதுப் பேர் கிடைத்துவிட்டால் தொண்டை பெரிதாகிவிடும்.

"எங்கள் குழாயம்மாவுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் ஆண்டவரே!"

குழாயம்மா! வாழ்நாளில் ஒரு நாள்கூடக் குழாயடிச் சண்டை போட்டறியாதவளுக்கு வைத்த பேரைப் பார். கேட்டிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். லிப்ட்டுக்காரர் அதை அவளுடைய படத்திடம் சொல்லத் திரும்பினார். திரும்பியவர் மறுபடி ஜன்னலுக்கே வந்தார். கீழே பிள்ளைகள் இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள். ஒவ்வொரு குழாயும் மூடப்படும்வரை நின்று கேட்டார்.

மணி அடித்தது. தெரு காலியானது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒருத்தருக்கு மட்டும் அரிசி அளந்து உலையில் போட்டார்.