சுவரில் இரண்டு தட்டு

தம்பியின் அறையைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியைக் கறுப்புக் கோட்டின் உள்பைக்குள் போட்ட பிறகுதான் வில்ஃப் ஷூ மாட்டினார்.

வாசலில் சவ வண்டி நின்றது. அதற்குள் காலின். அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டயர் மாற்றியவன். கல்யாணம் கிடையாது. வில்ஃபுக்கும் கிடையாது. அம்மா விட்டுப்போன வீட்டில் முன்னறை தம்பிக்கு, பின்னறை அண்ணனுக்கு, நடுவில் ஒரு செங்கல் சுவர். அவ்வளவுதான் குடும்பம்.

அறையைப் பூட்டக் காரணம் இருந்தது. மூன்று நாள் முன்பு ஒரு பெண் போன் செய்திருந்தாள்.

"அண்ணே, நான் ஜில்லியன். காலினோட சிநேகிதி. பேப்பர் அட்மிரல்ஸ் கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"பாட்டுக் கூட்டம்ணே. சனிக்கிழமை ஹல் ஊருக்கு வருவாரே, அது. தகனத்துல போடப்போற பாட்டோட பழைய ரிக்கார்டு காலின்கிட்ட இருக்கு. வீட்டுக்கு வந்து எடுத்துக்கட்டுமா? தகன மண்டபத்துக் கம்ப்யூட்டர்ல இருக்கறது சரியில்ல."

"பாட்டுப் பேரு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க போடுவாங்க."

"அது வேற மாதிரிண்ணே..."

போனை வைத்துவிட்டார். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பெட்டி இறக்கியவர் வில்ஃப். தேன் மாதிரிப் பேசிக்கொண்டு வருகிறவனுக்குப் பெட்டி மேல்தான் கண் என்பது அவருக்குத் தெரியும். தம்பி போய் நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் ரிக்கார்டாம்.

பேப்பர் அட்மிரல்ஸ் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் ஹல் ஊர்ப் பையன்கள் நாலு பேர். எண்பத்தொன்றில் ஒரு பெரிய ரிக்கார்டு, மூன்று சின்ன ரிக்கார்டு போட்டார்கள். விற்பனைப் பட்டியலில் அறுபத்துமூன்றாம் இடம் வரை ஏறி, மறுவாரம் காணாமல் போனார்கள். அதோடு உலகம் அவர்களை மறந்துவிட்டது. காலின் மறக்கவில்லை.

"ஹல்காரன் எவனாவது உருப்பட்டிருக்கானா? அந்த நாலு பேரும் இப்ப என்னடா பண்றானுங்க?" என்று வில்ஃப் ஒருமுறை கேட்டார்.

"பாடறவர் பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டறார்ணே" என்றான் காலின், ராஜா குதிரை ஏறுகிறார் என்பதுபோல.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் பாட்டு ஆரம்பிக்கும். வில்ஃப் பின்னறையில் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் படிப்பார். கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டு தட்டு. டொக், டொக். வில்ஃப் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து கெட்டிலைப் போடுவார். டீ கலந்து, இரண்டு சர்க்கரை போட்டு, முன்னறைக்குக் கொண்டுபோய் வைப்பார். அம்மா செத்த குளிர்காலத்தில் தொடங்கியது. முதல் நாள் காலின் கோப்பையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், "தேங்ஸ்ணே" என்றான். அப்புறம் இருபத்திரண்டு வருஷம். சில நாள் இரண்டு தடவைகூடத் தட்டுவான்.

"வாயத் திறந்து டீ குடுன்னு கேக்கத் தெரியாத பய" என்று வில்ஃப் முனகுவார். ஆனால் ஒருநாளும் கொடுக்காமல் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலும் கடைசி நாள் அதேதான். கண் மூடியே கிடந்த காலின், கை முட்டியால் கட்டில் கம்பியை இரண்டு முறை தட்டினான். வில்ஃப் மெஷினில் காசு போட்டு ஒரு காகிதக் கோப்பையில் டீ பிடித்து வந்தார். தலையைத் தாங்கிக் கொடுத்தார். இரண்டு மிடறு இறங்கியது.

"நல்லாருக்காடா?"

"வீட்டு டீ மாதிரி வருமா?" என்றான். சாயங்காலம் போய்விட்டான்.

தகன மண்டபத்துக்கு ஐந்து பேர் வருவார்கள் என்று வில்ஃப் கணக்குப் போட்டிருந்தார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்தவர்கள், வழுக்கைகள், கைத்தடி ஊன்றியவர்கள். எல்லார் கோட்டிலும் காகிதத் தொப்பி படம் போட்ட ஒரு சின்ன பேட்ஜ். ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் விடியுமுன் ரயில் பிடித்து வந்திருந்தார். வில்ஃப் முன் பெஞ்சில் உட்கார்ந்து, சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

பாட்டு ஒலித்தது. சுவர் வழியாக மந்தமாகவே கேட்டுப் பழகிய பாட்டு, இப்போது துடைத்துவைத்த மாதிரிக் கேட்டது. முடியப் போகும் நேரம் ஏதோ அசைய, வில்ஃப் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் முட்டி மடக்கிய கையைப் பெஞ்சுக்கு மேல் தூக்கியிருந்தார்கள்.

தாளம் நிற்காமல் ஓடியது. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அப்புறம் ஒன்று இறங்கியது, பத்து இறங்கியது. திரை மூடிக்கொண்டது.

வெளியே மழை தூறியது. வெள்ளைக் குட்டை முடியும் சிவப்புக் கோட்டுமாக ஒரு பெண் அவர் கையைப் பிடித்தாள். குரலிலிருந்து அவள்தான் ஜில்லியன் என்று தெரிந்தது.

"எதுக்கும்மா எல்லாரும் கையத் தூக்கினீங்க? ஓட்டுப் போடவா?"

"தட்டறதுக்குண்ணே. அந்தப் பாட்டப் பதிவு பண்றப்ப, முடியற எடத்துல டிரம் அடிக்கிறவர் கையிலேர்ந்து குச்சி விழுந்துடுச்சு. ரெண்டு அடி போச்சு. திரும்பப் பாட ஸ்டூடியோவுல நேரமில்ல, அப்படியே வந்துடுச்சு. அந்த ரெண்டு அடிய நாங்கதான் தட்டுவோம். மேசையில, சுவத்துல, எங்க கேட்டாலும். நாப்பது வருஷமா. பின்னாடி எவனோ மெஷின வச்சு அந்த ஓட்டைய அடைச்சுட்டான். இன்னிக்குப் போட்டது அதுதான்."

"சுவத்துலயுமா?" என்றார் வில்ஃப்.

பக்கத்தில் நின்ற பருமனான ஆள் கிட்டே வந்தார். "நீங்கதானே வில்ஃப்? டீ அண்ணன்?"

"ட்ரெவர், சும்மா இரு" என்றாள் ஜில்லியன்.

"என்ன டீ அண்ணன்?"

ஜில்லியன் குடையைக் கை மாற்றினாள். "காலின் எங்ககிட்டச் சொல்லியிருக்கார்ணே. எங்க வீட்ல ரெண்டு தட்டு தட்டினா டீ வருதுன்னு. அட்மிரல்ஸால சல்லிக் காசு சம்பாதிச்சவன் யாருமில்ல, டீ சம்பாதிச்சவன் நான் ஒருத்தன்தான்னு."

வில்ஃபின் காது சிவந்தது. "இருபத்திரண்டு வருஷம்! என்னைக் கேணயனாக்கி வச்சிருக்கான்!"

"நான்கூடத் திட்டினேன். பாவம் அண்ணன், உண்மையச் சொல்லிடுங்கன்னேன். 'சொன்னா டீ நின்னுடும்'னார்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம், 'அண்ணன் என் ரூமுக்குள்ள வர்றது அப்ப மட்டுந்தான்'னார்."

வில்ஃப் மழையைப் பார்த்தார். அடுத்த தகனத்துக்கான சவ வண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. காலின் கட்டில் கம்பியைத் தட்டியபோது ஆஸ்பத்திரியில் பாட்டு எதுவும் ஓடவில்லை. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீட்ல ஹாம் சாண்ட்விச் பத்துப் பேருக்குத்தான் இருக்கு" என்றார்.

"நாங்களும் கொண்டாந்திருக்கோம்ணே."

"ஷூவைத் துடைச்சுட்டுத்தான் உள்ள வரணும். ரிக்கார்டைத் தொடறவன் கையையே பாத்துட்டு இருப்பேன்."

"பாருங்க" என்றார் ட்ரெவர்.

பார்த்தார். பூட்டைத் திறந்துவிட்டு நிலைப்படியிலேயே நின்று பார்த்தார். முன்னறை நிறைந்து, நடை நிறைந்து, மாடிப்படியில் ஆள் உட்கார்ந்தது. அலமாரிப் பக்கம் ஒருவரும் கை நீட்டவில்லை. காலின் கைப்பட எழுதி ஒட்டிய பெயர்களைக் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரெவர் கையைப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். ரிக்கார்டின் ஓரத்தை மட்டும் உள்ளங்கையால் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேயரில் வைத்தார். மீன் பெட்டியை அப்படி எவனும் இறக்கி வில்ஃப் பார்த்ததில்லை.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்றாள் ஜில்லியன்.

"எனக்கு என் நாற்காலி இருக்கு."

பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், எல்லாப் பந்தயமும் முடிந்துபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு, பழையபடி மந்தமாக, கரகரவென்று. பாட்டில் என்ன சொல்கிறான் என்று வில்ஃப் என்றைக்கும் காது கொடுத்ததில்லை. இன்றைக்கும் கொடுக்கவில்லை. காத்திருந்தார்.

தாளம் நின்றது. டொக், டொக். அலமாரியில் அம்மாவின் பீங்கான் தட்டுகள் அதிர்ந்தன.

வில்ஃப் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போய், கெட்டிலைக் குழாயடியில் பிடித்தார். கெட்டிலின் கண்ணாடியில் குறித்திருந்த இரண்டு கோப்பைக் கோட்டைத் தண்ணீர் தொட்டது. தொட்டுத் தாண்டியது. குழாயை மூடாமல் நின்றார்.