ஆறு இல்லாத வியாழக்கிழமை

மணல்துறை ஊரில் ஒருவர் சொல்லும் நியாயத்தை யாரும் மறுக்காமல் விட்டால் அது அப்படியே நடந்துவிடும். அதனால் நகராட்சியில் குதர்க்கப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் ஆய்வாளர் அமலோற்பவம்.

நேராக நடப்பதுபோல் நடந்து, யாரும் பார்க்காதபோது சந்துக்குள் திரும்பிவிடும் நியாயத்துக்குக் குதர்க்கம் என்று பெயர். திரும்பிய இடத்தைத் தொட்டுக்காட்டி அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிடிக்காத பேச்சைப் பார்த்துச் சும்மா சொன்னால் ஒன்றும் ஆகாது. முந்தைய ஆய்வாளர் பக்கத்து வீட்டுக்காரர் பேசியதற்கெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டி ஓய்வு பெற்றார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தையல்காரர் சன்னாசி டீக்கடையில் சொன்னார்: "ஆறுன்னா ஓடுறது. ஓடுறது ஒரு இடத்துல நிக்காது. அப்ப நம்மூர்ல ஆறே இல்லை."

கடையில் எல்லோர் வாயிலும் வடை இருந்தது. ஆறு போய்விட்டது.

அமலோற்பவத்தின் கணவன் சூசைக்கு அக்கரையில் அரிசி மில்லில் வேலை. பரிசல் வாரக் கடைசியில்தான் வரும். அன்று பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வியாழக்கிழமை அவள் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமையிலும் நன்றாகவே இருந்தது.

நாலு மணிக்கு மீன்காரி பேச்சியம்மா அலுவலகத்துக்கு வந்தாள்.

"மீனெல்லாம் தண்ணி இருந்த உசரத்துலயே அந்தரத்துல நிக்குது தாயி. பறிச்சுக்கலாம்தான். ஆனா அதுங்க பாக்குற பார்வை சரியில்லை."

நியாயம் திரும்பிய இடம் அமலோற்பவத்துக்குக் காலையிலேயே தெரியும். ஓடுவது தண்ணீர், ஆறு ஓடுவதில்லை. தெரிந்தும் பகல் முழுக்கக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது கரைக்குப் போனாள். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. சூசையும் வந்து பக்கத்தில் நின்றான்.

"சொல்லித்தான் ஆகணுமா அமலு?"

"பாவங்க, அதுங்க."

திரும்பிய இடத்தைத் தொட்டுக்காட்டி, "குதர்க்கம்" என்றாள்.  ஆறு வந்தது. மீன்கள் ஒன்றும் பேசாமல் கிளம்பின.

சூசை இக்கரையில் மாட்டிக்கொண்டான். மறுநாள் காலை எட்டு மணிக்கு மில்லில் இல்லையென்றால் வேலை போய்விடும்.  அவன் மெல்லச் சொன்னான்:

"எனக்கு அக்கரையிலதான் வேலை. அங்கேர்ந்து பாத்தா இதுதானே அக்கரை? அப்ப மில்லு இந்தப் பக்கம்தானே இருக்கணும்?"

திரும்பிய இடம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து அடித்து இரண்டு நிமிஷம், அலுவலக நேரம் முடிந்துவிட்டது. ஐந்துக்கு மேல் தெரிவது அமலோற்பவத்துக்குத்தான் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியாது என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள். அதை மறுக்க அங்கே சூசையைத் தவிர யாரும் இல்லை.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

காலையில் கொல்லைக் கதவைத் திறந்தபோது மில் துளசிச்செடியைத் தாண்டி நின்று தடதடத்துக்கொண்டிருந்தது. முதலாளி பனியனோடு கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் வீடும், மனைவியும், இரண்டு எருமைகளும் கூடவே வந்திருந்தன.

"டீக்குச் சர்க்கரை இருக்காம்மா?" என்றார்.

அமலோற்பவம் எத்தனை பேருக்கு என்று கேட்டாள். எருமைகளையும் சேர்த்து நாலு பேர் என்றார். ஒரு எருமை தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது. அவள் மூன்று டம்ளரில் மட்டும் போட்டாள்.