கோம்பையில் பெரியம்மை

“அக்கா, இன்னைக்கு இங்கன வராத. கண்ணனுக்கு அம்மை முத்துப் போட்டிருக்கு” என்று தம்பி தங்கப்பாண்டியன் போனில் சொன்னான். கண்ணன் என்றால் அவன் மகன் சுரேஷ்கண்ணன். என் மகள் ஓவியாவுக்கு அவன்தான் என்று இரண்டு வருஷமாகப் பேசிவைத்திருக்கிறோம். அன்றைக்குக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக இருந்தது.

“எனக்குத்தான் சின்னதுலயே வந்திருச்சேடா. நான் வந்து பாக்குறேன்.”

“இது சின்னம்மை இல்லக்கா. பெரியம்மை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கிராமம் கிராமமாக ஊசி போடுகிற நர்சு நான். பெரியம்மை இந்த நாட்டைவிட்டுப் போய் ஐம்பது வருஷமாகிறது. வெள்ளைக்காரன் சிபிலிஸ் என்கிற மேகநோயைக் கிரேட் பாக்ஸ் என்று பெரிதாக வைத்து, இதற்கு ஸ்மால்பாக்ஸ் என்று சின்னப் பெயர் வைத்தான். நம் ஆட்கள் செத்துவிழுந்தவர்களைப் பார்த்துப் பெரியம்மை என்றார்கள். நம் பெயர்தான் சரி என்று பயிற்சி வகுப்பிலேயே சண்டை போட்டவள் நான்.

பயத்தில் உளறுகிறான், பாவம் என்று நினைத்து, மருந்தும் இளநீருமாக மார்க்கையன்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். “பாத்ததும் போன் பண்ணும்மா” என்றாள் ஓவியா. அவள் முகமே சரியில்லை.

கோம்பையில் தம்பி வீட்டு வாசல்நிலையில் வேப்பிலையைத் தேடினேன். மாவிலைத் தோரணம் தொங்கியது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். இங்கே வடை வேகும் வாசனை தெருமுனைவரை வந்தது. வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே சுரேஷ்கண்ணன், முகத்தில் ஒரு பரு இல்லாமல், புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தான். எதிரே யாரோ ஒரு பெண். தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி ஓடிவந்து என்னைச் சந்துக்குள் இழுத்தான். “பொண்ணு வீட்டுக்காரக தேனியில பெரிய இடம்க்கா. நீ அழுதா எனக்குத் தாங்காது. அதான்…”

“ஏலே, உனக்கு அம்மை கண்டப்ப கிட்டப் போகாதன்னு எல்லாரும் சொன்னாக. நீ அழுதேன்னு உன் பாயிலயே வந்து படுத்தேன். அப்பிடித்தான் எனக்கும் ஒட்டுச்சு. சின்னம்மைன்னா நான் நிக்காம வந்துருவேன்னு தெரிஞ்சுதான பெரியம்மைன்னு சொன்ன?”

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஓவியா.

“அம்மா, எப்பிடிம்மா இருக்காக? நெறயப் போட்டிருக்கா?”

போனைத் தம்பி கையில் வைத்தேன்.

“உன் மருமக கேக்குறா. நீயே சொல்லு.”